சனதை இழந்த காசுகள்

அண்மையில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் அமர்ந்திருந்தோம். விருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த அன்பர் ஒருவர் தம் சட்டைப் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு வெள்ளிக் காசை எடுத்துக் காட்டினார். பழைய வாணிகக் காசுகளைத் தேடிச் சேர்ப்பது அவர்தம் பழக்கமாம். காசு கைமாறிக்கொண்டே வந்து அவையின் மூத்த பெரியாரை எட்டியது. அவர் அதைத் தொடாமலே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உருவம் பொறித்த பண்டம். இதைப் பேணிக் காப்பது முஸ்லிமுக்கு அழகன்று. போதாக்குறைக்கு வெள்ளியை முடக்கி வைப்பது கன்ஸு. உருக்கிக் குமருகளுக்குக் கொலுசாவது செய்து போடலாம்" என்றார். அவை தலையசைத்தது. காசுக்குரியவர் நாணிக் காசை மடித்து வைத்துக்கொண்டார்.

நாம் அன்று வாய் திறக்கவில்லை. மண வீட்டில் வழக்காடுவது முறையன்று என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், அப்பெரியார் சொன்ன அதே சொற்களை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் நாமே சொல்லியிருக்கிறோம் என்பது. சொன்னதோடு நில்லாமல், ஒரு குடும்பத்தின் ஏழு காசுகளை நம் சொல்லாலேயே மூசையில் ஏற்றியும் இருக்கிறோம்.

அப்போது நாம் மதரஸாவில் சனது பெற்று ஊர் திரும்பிய புதிது. அண்டை வீட்டு மாமி, எழுபதைக் கடந்தவர், ஒரு சிறு தகரப் பெட்டியோடு வந்தார். உள்ளே ஏழு பெரிய வெள்ளிக் காசுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கையின் பாதியை நிறைக்கும். ஒரு பக்கம் தலையில் முக்காடிட்ட பெருத்த மார்புடைய ஒரு பெண்ணின் உருவம். மறுபக்கம் சிறகு விரித்த இருதலைப் பறவை. "ஆலிம்சா, இது எங்க மாமனார் கப்பல்ல ஹஜ்ஜுக்குப் போயிட்டு வரும்போது கொண்டாந்தது. அங்க ஒரு அரபிகிட்ட..." என்று தொடங்கினார். நாம் முடிக்க விடவில்லை. "உருவம் இருக்கிறதே மாமி, வீட்டில் வைக்கக் கூடாது, உருக்கி விடுங்கள்" என்றோம். "வச்சிருந்தா பரக்கத்து போயிருமோ?" என்று கேட்டார். "போகும்" என்றோம். மறு வாரமே அவை நகைக் கடைக்குப் போயின. பேத்தியின் மணத்துக்குக் கொலுசாகத் திரும்பி வந்தன.

அக்காசு யாது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசா என்னும் அரசியின் உருவம் பொறித்த தாலர் அது. எடை 28 கிராமுக்குச் சற்று மேல். ஆறில் ஐந்து பங்கு தூய வெள்ளி. 18ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டுக் காப்பிக்கு ஈடாக ஐரோப்பிய வணிகர் கொண்டுவந்து கொட்டிய வெள்ளி இதுவே. செங்கடலின் இரு கரைகளிலும், ஹபஷாவின் மலைச் சந்தைகளிலும், அரபகத்தின் துறைகளிலும் அரசர்கள் மாறினும் இக்காசு மாறவில்லை. அரபு மக்கள் இதை 'ரியால் ஃபரான்ஸி' என்றனர். பிரான்சுக்கும் இதற்கும் உறவு யாதுமில்லை என்பது வேறு. 'அபூ தைர்', பறவையின் தந்தை, என்றும் அழைத்தனர். அரசியின் தோளணியில் உள்ள முத்துகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, ஒன்பதும் தெளிவாக இருந்தாலே வாங்கினர் என்பர். ஓரத்திலும் எழுத்துகள் பொறித்திருந்தமையால் வெள்ளியைச் சுரண்டித் திருடுவது எளிதன்று. நம்பிக்கைக்கு அது ஒரு காரணம்.

இக்காசில் ஒரு விந்தை உண்டு. அரசி இறந்தது 1780ஆம் ஆண்டில். அவ்வாண்டு பொறித்த காசையே சந்தை ஏற்றது. புதிய ஆண்டு போட்டால் ஐயுற்று மறுத்தது. ஆகவே அதற்குப் பின் அடித்த ஒவ்வொரு தாலரிலும் 1780 என்றே பொறித்தார்கள். 1867-68இல் ஹபஷாவின்மீது படையெடுத்த ஆங்கிலேயர் தம் செலவுக்கு வியன்னாவில் இதைத்தான் அடித்து வாங்கினர். 1935இல் முசோலினி அந்நாட்டைக் கவரப் புறப்பட்டபோது, அச்சுகளை ஆஸ்திரியாவிடமிருந்து பெற்று ரோமில் அடித்தான். ஆங்கிலேயர் வாளாவிருப்பாரா? அடுத்த ஆண்டே இலண்டனில் அடித்தார்கள். 1940-41இல், இத்தாலியரை ஹபஷாவிலிருந்து விரட்டும் போருக்காக, நமது பம்பாய் நாணயச் சாலையிலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்ட தாலர்கள் வார்ப்பாகின. அத்தனையிலும் 1780!

இனி அந்த மாமியின் ஏழு காசுகளுக்கு வருவோம். அவை வியன்னாவில் அடித்தவையாயின், மாமனார் ஜித்தாவிலோ மக்காவிலோ பெற்ற கதை பொருந்தும். பம்பாயில் அடித்தவையாயின், ஹஜ்ஜுக் கதை பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. போர்க் காலத்தில் அவ்வீட்டார் வேறு யாரோ கொண்டுவந்தவை. ஒரே 1780இன் கீழ் எந்தச் சாலையின் அச்சு என்பதை மணிகளின் வடிவு, பறவையின் வால் இறகு போன்ற நுண் வேறுபாடுகளைக் கொண்டு அறிந்தவர் சொல்லிவிடுவர். எத்துறையில், யார் கையிலிருந்து, எதற்கு ஈடாக என்பதை அந்த மாமி ஒருவரே சொல்லியிருக்க முடியும். முன்னதை மூசையில் அழித்தோம். பின்னதை அவர் வாயிலேயே தடுத்தோம்.

ஹதீஸ் கலையை ஓதியவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மத்தன் என்பது சொல்லப்பட்ட செய்தி. சனது என்பது அதைக் கைமாற்றித் தந்தோரின் தொடர். காசில் பொறித்தது மத்தன். அது தாங்கிய ஆண்டைக்கூட நம்ப இயலாது என்பதற்கு இத்தாலர் ஒன்றே போதும். அதை யார் யாரிடமிருந்து பெற்றார் என்பது சனது. அறிவிப்பாளர் ஒருவரின் பெயர் விடுபட்டால் முகம் சுளிக்கும் நாம், நம் வீட்டுப் பெட்டியில் உள்ள காசின் அறிவிப்பாளர்கள் ஒவ்வொருவராக மவுத்தாவதைக் கண்டும் காணாதிருக்கிறோம்.

இப்போது பெரியாரின் வாதத்துக்கு விடை கூறுவோம். உருவம் பொறித்த காசு வீட்டில் இருக்கலாகாதெனின், நபித்தோழர்கள் எதைக் கொண்டு கொடுக்கல் வாங்கல் செய்தார்கள்? தீனார் என்ற சொல்லும் திர்ஹம் என்ற சொல்லும் திருமறையில் உள்ளவை. அவற்றின் வேர் ரோமிலும் கிரேக்கத்திலும் உள்ளது. மதீனாவின் கடைத் தெருவில் புழங்கிய தங்கம் ரோமாபுரிப் பேரரசருடையது. அதில் அரசனின் உருவமும் சிலுவையும் இருந்தன. வெள்ளி பாரசீகருடையது, அதில் கிஸ்ராவின் தலையும் தீக்குண்டமும் இருந்தன. அதைக் கொண்டே மஹர் கொடுத்தார்கள், ஜகாத்தும் கொடுத்தார்கள். ஈரான் வெற்றிக்குப் பின்னரும் அதே தீக்குண்ட வெள்ளியின் ஓரத்தில் 'பிஸ்மில்லாஹ்' என்ற சொல்லை மட்டும் சேர்த்து அடித்து வந்தனர். கலீஃபா அப்துல் மலிக், வாளேந்தி நிற்கும் கலீஃபாவின் உருவத்தையே பொறித்துச் சில ஆண்டுகள் தீனார் வெளியிட்ட பிறகுதான், ஹிஜ்ரி 77இல் உருவம் நீக்கி எழுத்து மட்டுமே கொண்ட தீனாரை அடிப்பித்தார். அதுவரை எழுபத்தேழு ஆண்டுகள் உம்மத்தின் பரக்கத்து எங்கே போயிற்று? இன்று நம் சட்டைப் பையில் உள்ள நோட்டில் உருவம் இல்லையா? அதைத் திருப்பித் தந்த பெரியாரை நாம் இன்னும் காணவில்லை.

கன்ஸு என்ற குற்றச்சாட்டு இதனினும் வலுவற்றது. ஜகாத் கொடுக்காது குவித்த செல்வமே கன்ஸு. வெள்ளியின் நிஸாப் 200 திர்ஹம், அதாவது ஏறத்தாழ 595 கிராம். ஒரு தாலரில் உள்ள தூய வெள்ளி 23 கிராமுக்குச் சற்று மேல். வேறு வெள்ளியோ பொன்னோ இல்லாதவரிடம் இருபத்தாறு தாலர் சேர்ந்தாலன்றி அது நிஸாபை எட்டாது. எட்டினால் ஆண்டுதோறும் நாற்பதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சேர்ப்பவர்கள் இதை மறந்துவிடலாகாது. பழங்காசு என்பதால் வெள்ளி வெள்ளியல்லாமல் ஆகிவிடாது.

இதற்கு நேர்மாறாக, அன்று நாம் கண்ணை மூடிக்கொண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மாமி ஏழு காசுகளையும் கடையில் கொடுத்து, சேதாரம், செய்கூலி எல்லாம் எடையிலேயே கழிக்கப் பெற்று, எடை குறைந்த கொலுசை வாங்கி வந்தார். வெள்ளிக்கு வெள்ளி, கூடுதல் குறைவோடு மாற்றுவது ரிபா என்பதை முதல் ஆண்டு ஃபிக்ஹு மாணவனும் அறிவான். விற்றுப் பணமாக்கி, அப்பணத்தால் கொலுசு வாங்கியிருந்தால் பழுதில்லை. சனது பெற்ற ஆலிமாகிய நாம் உருவத்தைக் கண்டோம், ரிபாவைக் காணவில்லை. பழங்காசை உருக்கச் சொல்லும் பெரியார்களும் கடை வாசலில் நடப்பதை ஒரு முறை நின்று பார்க்கட்டும்.

திருமறையின் கஹ்ஃபு சூராவை ஒவ்வொரு ஜும்ஆவிலும் ஓதுகிறோம். குகையில் துயின்ற இளைஞர்கள் விழித்தெழுந்து, தம்மில் ஒருவரை வெள்ளிக் காசோடு உணவு வாங்க நகருக்கு அனுப்புகிறார்கள். ஒரு நாளோ, நாளின் ஒரு பகுதியோ உறங்கியதாக அவர்கள் எண்ணம். அந்த உண்மை எவ்வாறு வெளிப்பட்டது? தஃப்ஸீர் ஆசிரியர்கள் சொல்வது இது: கடைக்காரன் காசைப் புரட்டிப் பார்த்தான், அது பன்னெடுங்காலத்துக்கு முன் மாண்ட தக்யானூஸ் மன்னனுடையது. 'இது உனக்கு எங்கே கிடைத்தது?' என்று கேட்டான். அக்கேள்வியிலிருந்தே அந்த அற்புதம் ஊரறிய விளங்கிற்று. அவன் அதை எடை போட்டு உருக்க அனுப்பியிருந்தால்? ஒரு சாமானியக் கடைக்காரன் கேட்ட கேள்வியை மதரஸாவில் பல்லாண்டு ஓதிய நாம் கேட்கவில்லை என்பதே நமது வெட்கம்.

எங்கே கிடைத்தது என்ற கேள்விக்கு எத்துணை ஆற்றல் உண்டென்பதற்குத் தொலைதூரத்துச் சான்று ஒன்று தருவோம். 1944ஆம் ஆண்டு, போர்க் காலம். ஆஸ்திரேலியாவின் வடகோடியில் வெஸ்ஸல் தீவுகளின் கடற்கரை மணலில் ஒரு வீரர் சில செப்புக் காசுகளைக் கண்டெடுத்தார். அவற்றை ஒரு தகர டப்பியில் இட்டார். நம் மாமியின் பெட்டி போன்றதுதான். ஆனால் அவர் மற்றொன்றும் செய்தார். கண்டெடுத்த இடத்தைப் படத்தில் குறி போட்டு வைத்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஆய்ந்து பார்த்தபோது, அவற்றுள் ஐந்து கில்வாவின் சுல்தான்கள் அடித்தவை என்று தெரிந்தது. கில்வா என்பது இன்றைய தான்சானியாவின் கரையில் இருந்த முஸ்லிம் துறைமுக அரசு. அவை அங்கே எவ்வாறு வந்தன என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். வாதம் முடியவில்லை எனினும் வாதிட ஒரு பொருள் இருப்பது அந்தக் குறியால் அன்றோ? குறி இல்லையேல் அவை சந்தையில் சில்லறை விலை பெறும் தேய்ந்த செம்புத் துண்டுகளே.

வடகடல் நாட்டிலும் இவ்வாறே. சுவீடனின் காட்லாந்துத் தீவில் 1999இல் நிலத்தடியிலிருந்து 67 கிலோ வெள்ளி கிடைத்தது. அதில் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட காசுகள். பெரும்பாலானவை முஸ்லிம் நாடுகளின் திர்ஹம்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தவர்கள், ஒரு காசில் 'மூஸா ரஸூலுல்லாஹ்' என்று அரபியில் எழுதியிருக்கக் கண்டனர். யூத மார்க்கத்தைத் தழுவிய கஸர் அரசினரின் காசு அது. நம் திர்ஹமின் அச்சையே வைத்துக்கொண்டு தம் நபியின் பெயரை இட்டிருக்கிறார்கள். நமது காசின் மதிப்பு வேற்று மார்க்கத்தார் சந்தையில் எவ்வளவு ஓங்கி நின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? இங்கிலாந்தில் மெர்சியாவை ஆண்ட ஒஃபா மன்னன் ஹிஜ்ரி 157ஆம் ஆண்டு அப்பாஸியத் தீனாரைப் பார்த்தே தன் தங்கக் காசை அடித்தான். அரபு அறியாத செதுக்குநன் எழுத்துகளில் பிழை செய்ததும், அரபு வரிகளுக்குத் தலைகீழாக மன்னன் பெயரைப் பொறித்ததும் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள அக்காசில் இன்றும் தெரிகின்றன. கலிமாவைத் தாங்கிய அக்காசை அந்நாட்டார் பேணி வைத்திருக்கிறார்கள்.

நம் கரையோ? கீழைக் கடற்கரைக்கு அரபுக் குதிரைகள் வந்திறங்கிய காலத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்தார். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தீனார் என விலை பேசியிருந்ததாக அவர் குறிக்கிறார். காயலும் பிற துறைகளும் அவ்வாணிகத்தில் செழித்தவை. அக்காலத்துக் காசு ஒன்றையேனும், 'இது எங்கள் மூதாதையர் கை வழியாக வந்தது' என்று சனதோடு எடுத்துக் காட்டும் இல்லம் ஒன்றை நாம் கண்டதில்லை. 'நமக்குப் பெரிய வரலாறு உண்டு' என்று மேடையில் முழங்குவோர் மட்டும் ஊர்தோறும் உளர்.

உருக்குவோரை இவ்வளவு சாடினோம். சேர்ப்போரை விட்டுவிட்டால் அது நீதியாகாது. அவர்களில் பலர் கடைக்காரனின் கேள்வியைக் கேட்பதில்லை. விலையை மட்டும் கேட்கிறார்கள். விற்பவன் சொல்லும் கதையைச் சலவை செய்யாமல் அப்படியே பிறருக்கு விற்கிறார்கள். தாலரைக் காட்டி, 'இருநூற்று நாற்பது ஆண்டுப் பழமை, இதோ 1780' என்று ஏமாற்றுவது இவர்களில் சிலரின் பிழைப்பு. அதனினும் கொடியது, மக்கா மதீனாப் படத்தையும் 786 என்ற எண்ணையும் பொறித்து அண்மையில் வார்த்த பித்தளை வில்லைகளைப் பழைய இஸ்லாமிய நாணயம் என்று கூறி விற்பது. எந்த அரசும் வெளியிடாதவை அவை. பரக்கத்துக்காக என்று நம் பெண்கள் பெருந்தொகை கொடுத்து வாங்கிப் பீரோவில் வைக்கிறார்கள். மாமியின் உண்மைக் காசைப் பரக்கத்து போகும் என்று உருக்கினோம். பொய்க் காசைப் பரக்கத்து வரும் என்று வாங்குகிறோம். இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸை இனங்காட்டுவது ஆலிமின் கடமையெனின், இதுவும் அதன் பக்கத்தில் வைக்கத் தக்கதே.

நிலத்தில் புதைந்து கிடைத்ததை இரவோடு இரவாக வாங்கிப் பதுக்கும் சேகரிப்பாளரும் உளர். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அஞ்சி மறைப்பதால் என்ன ஆகிறது? பானையோடு கிடைத்த நூறு காசுகள் நூறு கைகளுக்குச் சிதறுகின்றன. எதனோடு எது கிடந்தது என்பது என்றென்றைக்கும் மறைகிறது. வீட்டில் வழிவழியாக வந்த காசுக்கு இந்த அச்சம் வேண்டியதில்லை.

வீட்டில் உள்ளவர்கள் செய்யத் தக்கது பெரும்பாடன்று. காசைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், சாம்பலும் வேண்டாம். வெனிஸ் நகரத்துப் பொன் தூக்காத்துகள் பல, வளையம் பற்றவைத்துக் கழுத்தில் ஏறியதால் எழுத்துத் தேய்ந்து போயின. அந்தத் தவற்றை இன்னொரு முறை செய்ய வேண்டாம். தூண்டில் முள்ளைப் போல் வளைந்த வெள்ளிக் கம்பி ஒன்று பாட்டியின் பெட்டியில் கிடந்தால், அறுந்த சங்கிலித் துண்டு என்று எறிந்து விடாதீர்கள். பாரசீகத்து லார் நகரின் பெயரால் 'லாரி' என வழங்கிய காசு அதுவாக இருக்கலாம். வளைகுடாவிலிருந்து மாலத்தீவு வரை செலாவணியாகி, இலங்கையில் கொக்கி வடிவு பெற்றது. ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள்: யார் கொண்டுவந்தார், எவ்வூரிலிருந்து, எந்த ஆண்டளவில், யார் சொல்லி நீங்கள் அறிந்தீர்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். வறுமையால் விற்க நேர்ந்தால் விற்கலாம். வயிற்றுக்கு முன் காசு பெரிதன்று. விற்குமுன் இரு பக்கமும் படமெடுத்து அத்தாளோடு சேர்த்து வையுங்கள். வாங்குபவரிடம் அதன் படியைக் கொடுத்து விடுங்கள்.

அந்த மாமி மவுத்தாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன், மணமாகி வேற்றூரில் வாழும் அவருடைய பேத்தியை ஒரு குடும்ப நிகழ்ச்சியில் காண நேர்ந்தது. கொலுசை இன்னும் வைத்திருக்கிறாராம். அந்தக் காசுகள் எங்கிருந்து வந்தவை என்று உங்கள் வீட்டில் யாருக்கேனும் நினைவிருக்கிறதா என்று கேட்டோம்.

"எங்களுக்கு ஒன்றும் தெரியாதே, மாமா. கேட்டபோதெல்லாம், ஆலிம்சாகிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன், அவங்களைக் கேட்டுக்கங்கன்னுதான் கண்ணும்மா சொல்லுவாங்க" என்றார்.